வாளியில் வைத்த கொடி

மூரேயா தீவிலிருந்து பப்பீத்தேக்குப் போகும் படகுகள் நடுக்கடலில் ஓரிடத்தில் இயந்திரத்தை அணைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா மிதந்து போகும். அங்கே ஒரு கை ஆழத்தில் புனுவா வீட்டுக் கொடி போகிறது. படகின் விசிறி பட்டு அறுந்தால் அவன் மகள் ஹெயாத்தாவுக்கு வலிக்கும்.

எல்லாம் நிலத் தகராறில் தொடங்கியது. எங்கள் பக்கம் பிள்ளை பிறந்தால் நஞ்சுக்கொடியைக் குடும்ப நிலத்தில் புதைத்து, மேலே ஒரு சீமைப்பலாக் கன்று நடுவார்கள். மரம் நிற்கிற ஊரில் பிள்ளையும் நிற்கும். புனுவாவின் நிலமோ பங்கு பிரியாதது. ஒரு குழி தோண்ட வேண்டுமென்றாலும் பெரியப்பன், சித்தப்பன் மக்கள் எல்லோரும் தலையாட்ட வேண்டும்; அந்தத் தலைகள் சேர்ந்து ஆடியதாகச் சரித்திரமே இல்லை. அன்னாசித் தோட்டத்தில் களையெடுத்துவிட்டு வந்த புனுவா யோசித்தான். வீட்டுக்குள் கிடக்கும் இரும்பு வாளிக்கு எந்தப் பங்காளியும் உரிமை கேட்க முடியாது. அதில் மண்ணை நிரப்பி, மகளின் நஞ்சுக்கொடியைப் புதைத்து, ஓடைக்கரையில் படர்ந்திருந்த மஞ்சள் வரிக் கொடியிலிருந்து ஒரு கணுவை ஒடித்து வந்து நட்டான்.

பக்கத்து வீட்டுத் திஹோத்தி எட்டிப் பார்த்தான். "ஏண்டா, ஊரே மரம் வைக்குது, நீ ஊர்ந்து போறதை வச்சிருக்கியே. இது ஒரு இடத்துல இருக்குமா?"

"கதவைச் சாத்தி வச்சுக்கிறேன்" என்றான் புனுவா.

கொடியை அவன் வளர்த்த அழகைச் சொல்ல வேண்டும். வெளிச்சம் வேண்டும், வெயில் கூடாது என்று வாளியைச் சன்னலுக்கு ஒரு பாய் அகலம் தள்ளி வைத்தான். ஞாயிறுதோறும் ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்தான். குழந்தை முகம் பளிச்சென்று இருந்தது. நுனியைக் கிள்ளிவிட்டால் கொடி இரண்டாகக் கிளைத்தது. அந்த வாரம் ஹெயாத்தாவுக்கு இரண்டு பல் முளைத்தது. தொங்க விட்டால் இலை சிறுத்தது, அவளும் சோர்ந்தாள். தென்னங்கட்டையில் ஏற்றிவிட்டால் இலை தாம்பாளமாக விரிந்தது, அவள் ஆட்டத்தில் ஊரையே மிஞ்சினாள்.

பத்தொன்பது வயதில் பப்பீத்தேயில் ரொட்டிக் கடை வேலைக்குப் போனாள். மறுநாளே கொடி சன்னல் வழியாக இறங்கி, மணலைத் தாண்டி, கடலுக்குள் நுழைந்தது. புனுவா கதவைத்தான் சாத்தி வைத்திருந்தான். மழைக்காலம் முடிவதற்குள் அது கடைச் சுவரில் ஏறிவிட்டதாகவும், அங்கே இலை ஒவ்வொன்றும் குடை அளவு என்றும் சந்தைக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்கள். புனுவாவுக்குப் பெருமை. தட்டில் பாதி அப்படியே இருந்தது. மரவள்ளிக் கிழங்கு வேகவில்லை என்றான்.

அடுத்த ஆண்டு திஹோத்தி வேறு செய்தி கொண்டுவந்தான். ஹெயாத்தா படுத்துவிட்டாள். கால் வீங்கி, இருமினால் தண்ணீராக வருகிறது, வைத்தியர் கைவிரித்துவிட்டார். கொடியும் வாளியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டே போனது.

"வெட்டிடு. அறுந்தா பொண்ணு தன்னால வீட்டுக்கு வந்துடும்" என்றான் திஹோத்தி.

புனுவா கத்தியை எடுத்தான். மகள் திரும்பி வருவாள் என்ற எண்ணம் தேனாக இனித்தது. கணுவுக்குக் கீழே கத்தியை வைத்தவன், அதற்குமேல் அழுத்த முடியாமல் உட்கார்ந்திருந்தான். மனைவி ரோத்தி வாளி மண்ணில் விரலை விட்டாள். கை மணிக்கட்டுவரை போயிற்று.

"இது மண்ணா, சேறா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஊத்துறீங்க?"

"அவ நினைப்பு வரும்போதெல்லாம்."

"அப்ப விடியவிடிய ஊத்தியிருக்கீங்க. வாளிக்கு ஓட்டை போட்டீங்களா?"

போடவில்லை. பிள்ளையின் வாளி ஒழுகலாமா என்று அன்றைக்கே விட்டுவிட்டான். இப்போது கத்தியைக் கீழே போட்டு ஆணியும் சுத்தியலும் எடுத்து, வாளியைச் சாய்த்து அடியில் துளையிட்டான். தண்ணீர் பாயை நனைத்து, வாசலைக் கடந்து, பொழுது சாயும்வரை கடலுக்கு ஓடியது. ரோத்தி நாக்கில் தொட்டுப் பார்த்தாள். உப்புக் கரித்தது.

அன்று மாலை பப்பீத்தேயில் ஹெயாத்தா எழுந்து உட்கார்ந்து மீன் கேட்டாள்.

பிறகு அவள் ரொட்டிக் கடைக்காரர் மகனையே கட்டிக்கொண்டாள். பிள்ளை பிறந்ததும் ஒரு வாளி வாங்கி, முதல் வேலையாக அடியில் துளையிட்டாள். படகில் புதிதாக வருகிறவர்கள் ஏன் நிற்கிறது என்று கேட்டால், "புனுவா மக கொடி" என்று சொல்லிவிட்டுப் பழைய பயணிகள் ரொட்டியைப் பிட்டுத் தின்பார்கள். புனுவா இப்போது விரலை விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுகிறான். மற்ற நேரம் கையை மடியில் வைத்துக்கொள்கிறான். அதுதான் சிரமம் என்கிறான். ஞாயிறு காலையில் ஈரத்துணியை எடுப்பான். அந்த நேரம் அக்கரையில் ஹெயாத்தா மாவு பிசைவதை நிறுத்திவிட்டு, கண்ணை மூடி முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பாள்.