நெட்டைக் கட்டையின் அறிமுகக் காட்சி

மேலேயிருந்து கட்டைகள் விழுகின்றன. கீழே அவற்றை அடுக்க வேண்டும். ஒரு வரிசை இடைவெளியில்லாமல் நிறைந்தால் அந்த வரிசை காணாமல் போய்விடும். மறுபடியும் கட்டைகள் விழும். அவ்வளவுதான் விளையாட்டு. இதை வைத்து இரண்டரை மணி நேரப் படம் எடுக்க வேண்டும் என்று சுயம்பு அண்ணாச்சி சொன்னபோது பாரிக்குச் சிரிப்பு வரவில்லை. பதினான்கு வருடம் உதவி இயக்குநராகவே காலம் தள்ளியவனுக்குச் சிரிக்க வசதி கிடையாது.

அண்ணாச்சிக்குக் கல்மண்டபத்தில் மீன்வலை, நைலான் கயிறு மொத்த வியாபாரம். நாகர்கோவில் பக்கமிருந்து வந்து முப்பது வருடமாகியும் பேச்சு மட்டும் இன்னும் ஊரை விட்டுக் கிளம்பவில்லை. வெளிநாட்டில் பழைய வீடியோ கேம்களையெல்லாம் படமாக்கிக் கொட்டுகிறார்கள் என்று எங்கோ படித்துவிட்டார். அவர் மனைவி சுகிர்தம் கல்லாவில் உட்கார்ந்து பத்து வருடமாகப் போனில் இந்தக் கட்டை விளையாட்டைத்தான் ஆடிக்கொண்டிருந்தார். மகன் ஜெனிஷ் ஆறடி மூன்று அங்குலம். கதாநாயகன் ஆகாமல் கல்யாணம் இல்லை என்று சபதம் போட்டிருந்தான். மூன்றையும் கூட்டிப் பார்த்ததில் அண்ணாச்சிக்கு வந்த விடைதான் இந்தப் படம்.

பாரிக்கு இது கடைசி வாய்ப்பு. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு வீட்டில் அவன் மனைவி ரமாபாய், ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையில் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் போன மாதம் கெடு வைத்துவிட்டாள். இந்த மாதக் கடைசிக்குள் அவன் இயக்குநராகி ஒரு ஷாட்டாவது எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்றாம் தேதி காலை, அவள் அண்ணன் பரசுராமன் வேலை செய்யும் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில், கேட்டில் நின்று வண்டி நம்பர் எழுத வேண்டும். அவள் பக்கம் நியாயம் இருந்தது, அதுதான் அவனுக்கு வலித்தது.

கதை சொல்ல அண்ணாச்சியின் கடைக்கே வரச்சொன்னார்கள். கயிற்றுச் சுருள்களுக்கு நடுவில் நின்று, பின்னணி இசையையும் வாயாலேயே போட்டுக்கொண்டு பாரி ஆரம்பித்தான். இரண்டாவது நிமிடத்திலேயே அண்ணாச்சி கையை உயர்த்தினார்.

"கட்டைக்கு அம்மா உண்டா தம்பி?"

"கீது அண்ணாச்சி. சதுரக் கட்டைதான் அம்மா. எப்டித் திருப்பினாலும் மாறாது."

அண்ணாச்சிக்கு அது பிடித்துப்போயிற்று. பாரிக்கும் தெம்பு வந்தது. கோணல் கட்டைகள் இரண்டும் வில்லனின் தம்பிகள், எங்கே போனாலும் ஓட்டை போட்டு வைப்பவர்கள் என்றான். ஜனங்கள் கழுத்துவரை அடுக்கி வைத்துக்கொண்டு தவிக்கிறார்கள். ஒரேயொரு சந்து மட்டும் காலியாகக் கிடக்கிறது. அந்தச் சந்துக்குப் பொருந்துகிறவன் ஒருத்தன்தான். நெட்டைக் கட்டை. அவன் வரவில்லை, வரவில்லை, இடைவேளை வரைக்கும் வரவில்லை. அப்புறம் வருகிறான். நாலு வரிசை ஒரே அடியில் காலி.

அதுவரை போனிலிருந்து நிமிராத சுகிர்தம் நிமிர்ந்தார். "அது வராது தம்பி. நமக்கு வேணும்னு இருக்க அன்னைக்கு அது வரவே வராது" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. வலைக்கடைக்கு வந்து முப்பது வருடத்தில் மனைவி அழுது பார்த்திராத அண்ணாச்சி, அந்த நிமிடமே படம் உறுதி என்று சொல்லிவிட்டார்.

கிராஃபிக்ஸ் வேண்டாம், நிஜக் கட்டை வேண்டும் என்பது அண்ணாச்சியின் கட்டளை. நிஜக் கட்டைக்குத் திருவொற்றியூரில் பஞ்சமா? பரசுராமன் யார்டு சூப்பர்வைசரிடம் சொல்லி, துறைமுகத்துக்குத் திரும்பப் போக வேண்டிய காலிக் கன்டெய்னர் பெட்டிகளின் வரிசையொன்றைப் படத்துக்காகக் கேட்டு வாங்கினான். கலர் கலராக எட்டுப் பெட்டிகள், நடுவில் ஒரு பெட்டிக்கான இடம் காலி. அந்த இடத்தில் சிவப்புப் பெட்டியை இறக்க வேண்டும், அதற்குள்ளிருந்து ஜெனிஷ் குதிக்க வேண்டும். முதல் ஷாட்டே கதாநாயகன் அறிமுகம். மாதத்தின் கடைசி நாள் அது.

பெட்டி தூக்கும் வண்டியை ஓட்டும் பரசுராமன் காலையிலேயே பாரியைத் தனியாகக் கூப்பிட்டான். "மாப்ளே, அந்த ஓட்டைய மட்டும் ரொம்ப நேரம் அடைச்சி வெக்காத. லைன் ரொம்பிச்சின்னா டிரெய்லர்காரன் யாரையும் கேக்க மாட்டான், தூக்கினு போய்கினே இருப்பான்" என்றான். அந்த யார்டின் வழக்கம் அப்படி. ஓட்டை இருந்தால் வரிசை இன்னும் காத்திருக்கிறது என்று அர்த்தம், நிறைந்தால் புறப்படத் தயார். இதற்குச் சீட்டும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. அஞ்சே நிமிடம், ஷாட் முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று பாரி சத்தியம் செய்தான்.

அஞ்சு நிமிடம் போதும்தான், அண்ணாச்சி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால். வரிசையைப் பார்த்தவர் முகம் சுளித்தார். குறை வைத்துக்கொண்டு பூஜை போடக்கூடாது, அடைத்துவிட்டுத்தான் தேங்காய் உடைக்க வேண்டும் என்றார். கற்பூரப் புகை பட்டால் வாடகைக் கேமராவின் லென்ஸ் போய்விடும் என்று சுகிர்தத்துக்குக் கவலை. எனவே கேமராவைக் கொண்டுபோய் வரிசையின் ஓரத்திலிருந்த வெள்ளைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துக் கதவைச் சாத்தினார்கள். ஜெனிஷ் பேட்டரி ஃபேனோடு சிவப்புப் பெட்டிக்குள் ஏறினான். அந்தக் கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். பரசுராமன் பெட்டியைத் தூக்கி, ஓட்டையில் கச்சிதமாக இறக்கினான். எல்லோரும் கை தட்டிவிட்டு யார்டின் மறுகோடியில் போட்டிருந்த பந்தலுக்குப் போனார்கள்.

பூஜை இருபது நிமிடம். அதோடு முடிந்திருந்தாலும் தப்பியிருக்கலாம். ஆனால் அண்ணாச்சி வீட்டில் அவர் சாமி ஒரு பக்கம், சுகிர்தத்தின் சாமி ஒரு பக்கம். கல்யாணமான நாளிலிருந்து எல்லாம் இரண்டு தடவை. போதகர் தேவப்பிரியம் முன்னே வந்து எல்லோரையும் கண்களை மூடச் சொன்னார். படத்துக்காக, லைட் பிடிப்பவர்களுக்காக, கடலில் போகிறவர்களுக்காக, மனித வாழ்வின் எல்லா இடைவெளிகளுக்காகவும் அவர் நாற்பது நிமிடம் உருகி ஜெபித்தார். எந்தச் சாமியிடமும் எதையும் கேட்காமல் வளர்ந்தவன் பாரி. அன்று அவன்தான் எல்லோரையும்விடக் கண்ணை இறுக்கி மூடியிருந்தான். வண்டிகளின் சத்தம் கேட்கத்தான் செய்தது. யார்டில் வண்டிச் சத்தம் கேட்காத நேரம் எது?

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது வரிசை இல்லை. ஒரு பெட்டிகூட இல்லை. வெறும் தரையில் எண்ணெய்க் கறை மட்டும் கிடந்தது. பரசுராமன் பந்தலுக்குச் சுண்டல் வாங்க வந்த நேரத்தில் அவன் வண்டியில் ஏறிய அடுத்த ஷிஃப்ட் டிரைவர் ஃபவாஸ், நிறைந்த வரிசையைப் பார்த்தான், காத்திருந்த டிரெய்லர்களைப் பார்த்தான், ஏற்றி அனுப்பிவிட்டான்.

அண்ணாச்சி அந்த வெற்றிடத்தைப் பார்த்தார். "இதத்தான தம்பி நீ கதையில சொன்ன? அப்படியே எடுத்துட்டியே" என்றார். கேமராவும் வரிசையோடு போய்விட்டது என்று யாரோ சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். மகனும் போய்விட்டான் என்று சுகிர்தம் சொன்னபோது மறுபடி எழுந்தார்.

அப்போது ஜெனிஷே போன் செய்தான். "அண்ணே, பெட்டி ஆடிக்கினே கீதே, ஷாட் போவுதா?"

பாரியும் பரசுராமனும் பைக்கில் பறந்தார்கள். நல்லவேளை, எண்ணூர் விரைவுச் சாலையில் எந்த டிரெய்லரும் பறக்க முடியாது. துறைமுகத்துக்குள் நுழைய நேற்று மதியத்திலிருந்து வரிசை கட்டி நின்ற வண்டிகளின் வாலில் சிவப்புப் பெட்டி நின்றுகொண்டிருந்தது. டிரைவர்கள் கடலோரப் பாறைகள் மேல் துணி காயப்போட்டிருந்தார்கள், சக்கர நிழலில் சோறு பொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைப் பெட்டி எந்த வண்டியில் இருக்கிறதென்று தேட அப்போது நேரமில்லை. பெட்டிக்குள் ஆள் இருக்கிறான் என்றதும் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள்.

பாரி கதவில் கை வைத்தான். உள்ளேயிருந்து குரல் வந்தது. "அண்ணே, ஒரு மணி நேரமா மூடுல கீறேன். ஆக்சன் சொல்லாம தொறந்தீங்கன்னா வரமாட்டேன்."

கேமரா இல்லை. லைட் இல்லை. தயாரிப்பாளர் ஆட்டோவில் எங்கோ பின்னால் வந்துகொண்டிருந்தார். பதினான்கு வருடமாக மற்றவர்கள் சொல்லிக் கேட்ட சொல் பாரியின் நாக்கு நுனியில் வந்து நின்றது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் இன்று விட்டால் இனி எப்போதும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். பரசுராமனைக் கதவைப் பிடிக்கச் சொல்லிவிட்டு இரண்டடி பின்னால் போனான்.

"ஆக்சன்."

கதவு திறந்தது. ஜெனிஷ் வேர்வை சொட்டச் சொட்ட ஆறடி மூன்று அங்குலமும் தெரிய நின்று, தலைமுடியைக் கோதி, தார்ச்சாலையில் குதித்தான். இருநூறு டிரைவர்கள் விசிலடித்தார்கள். அதே நேரத்தில், எந்தப் புண்ணியவான் எங்கே கேட்டைத் திறந்தானோ, நேற்றிலிருந்து அசையாத வரிசை முன்னால் நகர ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, பத்து, நாற்பது என்று வண்டிகள் கிளம்பின. பொங்கிய சோற்றை அப்படியே தூக்கிக்கொண்டு டிரைவர்கள் ஓடினார்கள். ஓடும்போது எல்லோரும் பாரியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது ரமாபாய்க்கு அண்ணன் மூலம் எல்லாம் தெரிந்திருந்தது. கேமராவைப் பற்றி அவள் கேட்கவில்லை.

"ஆக்சன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"கேமரா இல்லாம சொன்னா கணக்குல வராது, தெரியுமில்ல?"

"தெரியும்."

அவள் இஸ்திரி போட்ட சட்டையொன்றை எடுத்து அவன் மடியில் வைத்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, எப்படிச் சொன்னாய், ஒரு தபா சொல்லிக் காட்டு என்று கேட்டாள். அவன் இஸ்திரி கலைவதையும் பாராமல் அந்தச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்கு பாரி யார்டு கேட்டில் நின்றான். எழுது அட்டை, பேனா, கழுத்தில் விசில். அண்ணாச்சி போன் செய்தார். கேமரா கிடைத்துவிட்டதாம், ஆனால் கட்டை வேண்டாமாம். தின்னத் தின்ன நீளும் பாம்பு விளையாட்டு ஒன்று இருக்கிறதாம், அதில் குடும்பப் பாசத்துக்கு வழி உண்டா என்று கேட்டார். டூட்டியில் இருக்கிறேன் என்று பாரி போனை வைத்துவிட்டான்.

முதல் வண்டி வந்தது. நம்பரை எழுதிக்கொண்டு கேட் கம்பியைத் தூக்கினான். வண்டி நகரவில்லை. விசிலை ஊதினான், அப்போதும் நகரவில்லை. ஓட்டி வந்தவர் நீலமேகம் என்ற பெரியவர், முந்தின நாள் வரிசையில் சோற்றுப் பானையோடு ஓடியவர்களில் ஒருவர். அவர் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சாவகாசமாகச் சொன்னார்.

"டைரக்டரே, நீ சொன்னாத்தான் வண்டி போவும். சொல்லு."

பின்னால் முப்பது வண்டிகள் ஹார்ன் அடிக்காமல் காத்திருந்தன. பாரி அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனான்.

"ஆக்சன்."

வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. கட் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.