குணத்துக்கு மார்க்கு

இப்போதெல்லாம் பெற்ற பிள்ளையைப் பற்றி அடக்கமாகப் பேச ஒருவனுக்கும் தெரியவில்லை. பிள்ளை நன்றாகப் பாஸ் பண்ணினால் போனில் படம் போடுகிறார்கள். சுமாராகப் பாஸ் பண்ணினாலும் போடுகிறார்கள். பாலர் பள்ளியில் கலர் அடித்த காகிதத்தைக்கூட ஊரெல்லாம் அனுப்பி, கீழே 'எங்கள் சிங்கம்' என்று எழுதுகிறார்கள். அந்தச் சிங்கத்துக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும். அதைத் துடைத்துவிட ஆள் இல்லை.

நாங்கள் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். வெளியாள் வந்து, "ஒங்க மாடு நல்லா கறக்குதாமே?" என்று கேட்டால், "எங்கங்க, நோஞ்சான் மாடு" என்போம். "மக கெட்டிக்காரியாமே?" என்றால், "அதுவா? மக்கு" என்போம். உடனே கேட்டவன், "ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க" என்பான். அவ்வளவுதான் பேச்சு. சொன்னவனுக்கும் தெரியும், கேட்டவனுக்கும் தெரியும். பிள்ளைமேல் கண் படக்கூடாது என்று சொல்வது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

என் பெயர் முருகையா. எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை வெட்டி முதுகு போனவன். இப்போது சிலாங்கூரில் புக்கிட் பெலிம்பிங் பக்கம் மாடு வைத்திருக்கிறேன். பெண்சாதி இல்லை. பெரிய பிள்ளைகள் அவரவர் பாட்டைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கடைக்குட்டி தனேஸ்வரி மட்டும் என்னோடு இருக்கிறாள். டவுன் பக்கத்தில் ஒரு கல்லூரியில், கம்ப்யூட்டரும் இன்ஜினியரிங்கும் கலந்த ஏதோ ஒரு படிப்பு.

அன்றைக்குச் சாயங்காலம் பால் கறந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. ஒரு பெண் குரல். மகளின் கல்லூரியிலிருந்து பேசுவதாகச் சொன்னது. என்னவோ உதவியாளர் என்றது. ஆபிஸ் கிராணி போல என்று நினைத்துக்கொண்டேன். ரேடியோவில் செய்தி வாசிப்பது போல சுத்தமான தமிழ். நடுவில் மூச்சே விடவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"உங்கள் மகள் ஒரு வேலையில் தடை வந்தால் விடாமல் முயற்சி செய்வாரா?"

"எங்கம்மா! பாதியில போட்டுட்டு போனை நோண்டிக்கிட்டு ஒக்காந்திரும்."

"தவறு செய்தால் ஒப்புக்கொள்வாரா?"

"அதுகிட்ட யாரும்மா வாயைக் குடுக்கிறது?"

"அவர் இப்போது செய்துவரும் ப்ராஜெக்ட் பற்றி உங்கள் கருத்து என்ன?"

"மாட்டுக்கு மணி கட்டுன்னா வயரைக் கட்டிக்கிட்டுக் கெடக்குது. உருப்படுமா அது?"

"உங்கள் நேரத்துக்கு நன்றி" என்று வைத்துவிட்டது.

இத்தனை சொன்னேன், "அப்படிச் சொல்லாதீங்கய்யா" என்று ஒரு வார்த்தை அந்தப் பெண் சொல்லவில்லையே என்று மட்டும் ஒரு மாதிரி இருந்தது. இந்தக் காலத்துப் பெண், பழக்கம் தெரியாது என்று விட்டுவிட்டேன். மாடு காலை உதறியது. வேலையைப் பார்த்தேன்.

அந்த வயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மாடு செம்பனைக்குள் போய்விட்டால் தேடி எடுப்பது பெரும்பாடு. தோட்டத்துக்குக் காவல் நிற்கிற ஜாகா பிடித்துக் கட்டிவிடுவான், அப்புறம் அவனிடம் பல்லைக் காட்ட வேண்டும். மாடு எங்கே நிற்கிறது என்று போனில் காட்டுகிற மாதிரி ஒரு கழுத்துப் பட்டை செய்தாள் தனேஸ்வரி. முதலில் மழைத்தண்ணி உள்ளே இறங்கிச் செத்தது. மறுபடி செய்தாள். மாடு மரத்தில் கழுத்தை உரசி உடைத்தது. மறுபடி செய்தாள். கொட்டகையில் கொசுக்கடியோடு உட்கார்ந்து ஈயம் பற்ற வைப்பாள். விரல் நுனியெல்லாம் சுட்ட புள்ளி.

"இதெல்லாம் மெஷினைக் கேட்டாத்தான் சொல்லிடுமாமே, அப்புறம் ஏன் நீ சாகுற?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கேப்பேன்பா. பாதி சரியாச் சொல்லும், பாதி கதை விடும். மாடு உரசும்னு அதுக்குத் தெரியல பாருங்க" என்றாள்.

ஷா ஆலமில் இந்த மாதிரிச் சாமான் செய்கிற கம்பெனி ஒன்று இருக்கிறது. அவள் வகுப்பிலிருந்து ஒரே ஒருவரைப் பயிற்சிக்கு எடுப்பார்கள். பயிற்சி முடிந்தால் அங்கேயே வேலை. வீட்டில் சோற்றுக்கு உட்கார்ந்தாலும் அந்தப் பேச்சுத்தான். அந்தப் போன் வந்து கொஞ்ச நாளில் பேச்சு நின்றுபோனது. நானும் கேட்கவில்லை. என்ன என்று கேட்டுப் பழக்கமில்லை.

எனக்கு விஷயத்தைச் சொன்னவன் சில்வெஸ்டர். ஒரே தோட்டத்தில் ஒன்றாகக் குலை வெட்டியவன். இப்போது பாசிர் பெனம்பாங்கில் மீன் லோரி ஓட்டுகிறான். அவன் மகன் கில்பர்ட்டும் தனேஸ்வரியும் ஒரே வகுப்பு. தே தண்ணிக் கடையில் பார்த்தபோது கேட்டான்.

"என்னா முருகையா, மக பேரு கீழ போயிருச்சாமே?"

"எதுல?"

"அந்த ஷா ஆலம் கம்பெனிக்கு ஆள் எடுக்கக் குணத்துக்கு மார்க்கு போட்டாங்கல்ல? அம்மா அப்பாகிட்டக்கூடப் போன் பண்ணிக் கேட்டாங்களே. ஒனக்கு வரலியா?"

"வந்துச்சு. ஒரு பொண்ணு பேசுச்சு."

"பொண்ணா?" அவனுக்கு மூக்கில் தே தண்ணி ஏறிவிட்டது. "மெஷின் லா அது! பொண்ணுங்கிறான் பாரு!"

"மெஷினா? நீ என்னாடா சொன்ன அதுகிட்ட?"

"எம் மவன் மாதிரி ஒருத்தன் சிலாங்கூர்லயே கெடயாதுன்னேன். விடியறதுக்குள்ள எந்திரிச்சுப் படிக்கிறான்னேன்."

"ஒம் மவன் வெயில் சுட்டாத்தானேடா எந்திரிப்பான்?"

"அது மெஷினுக்குத் தெரியுமா? சரி, நீ என்னா சொன்ன?"

சொன்னேன். சிரித்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான்.

"அடப்பாவி. பெத்தவனே சொன்னா அது நம்பாம என்னாடா செய்யும்?"

மோட்டாரை எடுத்துக்கொண்டு நேரே கல்லூரிக்குப் போனேன். மாட்டுச் சாணி ஒட்டிய பூட்ஸோடுதான் போனேன். வாசல் ஜாகா இரண்டு தடவை யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். தனேஸ்வரியின் லெக்சரர், மிஸ் யூஜினியா என்று ஒரு பிள்ளை. நம் தமிழ்ப் பிள்ளைதான், ஊர் கெர்லிங் பக்கம். உட்கார வைத்துத் தண்ணி கொடுத்தாள். மரியாதை தெரிந்தவள். அதையும் சொல்ல வேண்டும்.

"இப்ப கோட் எல்லாம் ஏஐயே எழுதிக் குடுத்துடுது அங்கிள். பரீட்சை மார்க்கை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியல. அதான் பிள்ளை எப்படிப்பட்டதுன்னு பாக்குறோம். விடாம செய்யுதா, பொறுப்பா இருக்கா, தப்பை ஒத்துக்குதா, ஏஐ சொல்றதை யோசிச்சு எடுக்குதான்னு."

"அதை யாரு பாக்குறா?"

"சிஸ்டம் பாக்கும். லேப்ல செய்யறது, குரூப்ல பேசறது, வீட்டுல சொல்றது, எல்லாம் சேர்த்து."

"படிப்பையும் மெஷின் எழுதுது, கொணத்தையும் மெஷின் பாக்குது. அப்ப நீங்கள்லாம் எதுக்கும்மா இங்க வர்றீங்க?"

அவள் கோபப்படவில்லை. கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். ஐந்து கோடு. மூன்று நீளமாக இருந்தது. இரண்டு மட்டும் கட்டையாகக் கிடந்தது. ஒன்று விடாமுயற்சியாம். இன்னொன்று தப்பை ஒத்துக்கொள்வதாம். கீழே நான் சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருந்தது. 'தொடங்கியதைப் பாதியில் விடுவதாகத் தந்தை தெரிவிக்கிறார்.' எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும். அந்த அளவுக்குப் படித்திருக்கிறேன்.

"ஏம்மா, ஒங்கப்பா ஒன்னைப் பத்தி வெளியாளுங்ககிட்ட எப்படிப் பேசுவாரு?"

அவள் சிரித்துவிட்டாள். "கழுதைன்னுதான் சொல்வாரு அங்கிள். நான் டிகிரி வாங்கினப்பகூட, என்னமோ காகிதம் குடுத்தானுங்கன்னாரு."

"அப்ப ஒனக்குத் தெரியுதுல்ல?"

"எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியாது."

"தெரிஞ்ச நீ சொல்லக்கூடாதா?"

"சொன்னேன் அங்கிள். ஒருத்தருக்கு மாத்தினா எல்லாருக்கும் மாத்தணும்ன்னுட்டாங்க மேல."

மேல. தோட்டத்திலும் வேலை வாங்குகிற மண்டோரைக் கேட்டால் மேலே என்பான். மேலே கேட்டால் அதற்கும் மேலே என்பான். மாறியது நாற்காலி மட்டும்தான்.

வேண்டுமானால் இன்னொரு தடவை பேசலாம், இன்றைக்குச் சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது என்றாள். லேபிலிருந்து தனேஸ்வரியையும் கூப்பிட்டாள். என்னைப் பார்த்ததும் மகளுக்கு முகம் மாறியது. பூட்ஸைப் பார்த்தாள். எதிரில் உட்கார்ந்தாள்.

அதே குரல். அதே மூச்சில்லாத தமிழ். "உங்கள் மகள் விடாமல் முயற்சி செய்வாரா?"

அவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். கண் படாமலிருக்க மேசைக்கு அடியில் விரலை மடக்கிச் சொடுக்கிக்கொண்டேன்.

"செய்வா" என்றேன். "எம் மக கெட்டிக்காரி. ஒரு வேலையை எடுத்தா முடிக்காம விட மாட்டா. மாட்டுக்குப் பட்டை செஞ்சு, ஒடஞ்சு ஒடஞ்சு போயி, திரும்பத் திரும்பச் செஞ்சு முடிச்சா. இப்ப எம் மாடு எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியும். தப்பு வந்தா எம்மேல இல்லன்னு சொல்ல மாட்டா, எங்க தப்புன்னு தேடுவா. அவள மாதிரி பிள்ள எனக்குக் கெடச்சது..."

"உங்கள் நேரத்துக்கு நன்றி" என்றது.

கட்டையாகக் கிடந்த இரண்டு கோடும் அங்கேயே, என் கண்ணெதிரே நீண்டது. அன்றைக்குத் திட்டினேன், குறைந்தது. இன்றைக்குப் புகழ்ந்தேன், ஏறியது. இடையில் என் மகள் மாறவில்லை. அப்படியென்றால் அது அளந்தது யாரை? கேட்க வாயெடுத்தேன். அதற்குள் தனேஸ்வரி பேசினாள்.

"இப்பத்தான் மொத தடவையா என்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்த சொல்றீங்க. அதுவும் மெஷின்கிட்ட."

"அது இல்லடி. கண் படும்னுதான்..."

"ரிப்போர்ட் வந்தப்ப அப்பீல் பண்ணச் சொன்னாங்க மிஸ். நான்தான் வேணாம்ன்னுட்டேன்."

"ஏன்டி?"

"நீங்க மனசுல இருக்கிறதத்தான் சொன்னீங்கன்னு நெனச்சேன்."

எதிரில் இருந்த பிள்ளையை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

மிஸ் யூஜினியா இதற்குள் எதையோ தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சாரி அங்கிள். சாயங்காலம்தான் கம்பெனிக்குப் பேரு போகும்னாங்க. மத்தியானமே சிஸ்டம் தானா அனுப்பிடுச்சு."

"யாரு பேரு?"

தனேஸ்வரியே சொன்னாள். "கில்பர்ட். விடுங்கப்பா. அவனும் நல்லாத்தான் செய்வான்."

அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம்.

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "வா, போவோம்" என்றேன். "லேப் இருக்குப்பா, நீங்க போங்க" என்றாள். அவள் போகிற வழியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மிஸ் என் கூடவே வெளியே நடந்து வந்தாள்.

"அடுத்த தடவை இந்த மாதிரி ஆகாது அங்கிள். சிஸ்டம் கத்துக்கும்."

"என்னத்த கத்துக்கும்?"

"நம்ம ஆளுங்க எப்படிப் பேசுவாங்கன்னு."

"கத்துக்கிட்டு? நான் திட்டினா புகழ்றேன்னு எடுத்துக்குமா? அப்ப நெஜமாவே பிள்ளைய வெறுத்துத் திட்டுறவன் இருக்கானே, அவனுக்கு என்னா பண்ணும்?"

நல்ல பிள்ளைதான். அடுத்த தடவை எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் நிஜமாகவே நம்புகிறாள்.

நான் நம்பவில்லை. வாயைத் திறந்து என் பிள்ளையைப் புகழ்ந்தேன், மூடுவதற்குள் அந்தக் கம்பெனி இடம் போயிற்று. பெயர் மத்தியானமே போய்விட்டது என்று அவள் சொல்கிறாள். போயிருக்கலாம். எனக்குத் தெரிந்தது புகழ்ந்த பிறகுதான்.

மோட்டார் நிறுத்தியிருந்த இடத்துக்கு நடந்தேன். "அங்கிள், அங்கிள்" என்று பின்னால் கூப்பிட்டாள். திரும்பவில்லை.