பதினொரு படி

ஜோடி நாற்பது டாலர். ரஸ் ட்ரெவின் தன் கால்களுக்குத் தானே கூறிய விலை அது. மோர்ட்லேக் மாட்டுச் சந்தையில் இருபத்தாறு வருடம் ஏலம் விட்டவன், தனக்கு வந்திருக்கும் நோயின் பெயர் தெரிந்த வாரத்தில், ஏலக்காரன் நின்று கூவும், பட்டிகளுக்கு மேலே ஓடும் நடைபாலத்தில் நின்று, "கொஞ்சம் தேஞ்ச சரக்கு. நாப்பதுக்கு யாரு?" என்றான். பண்ணைக்காரர்கள் சிரித்தார்கள், பிறகு அவரவர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்கள். அன்று இறங்கியவன் சந்தை அலுவலகத்தில் சீட்டு எழுத உட்கார்ந்துவிட்டான்.

தசையை இயக்கும் நரம்புகளைத் தின்னும் நோய். அப்பாவையும் சித்தப்பாவையும் கொண்டுபோன அதே மரபணுப் பிழை. அவர்கள் காலத்தில் டாக்டர்கள் கையைப் பிசைந்தார்கள். ரஸுக்கு மருந்து இருந்தது. பிழையான மரபணு அனுப்பும் உத்தரவை வழியிலேயே மறித்துக் கிழித்துப்போடும் மருந்து. நாலு வாரத்துக்கு ஒருமுறை மெல்பர்னில், முதுகுத்தண்டில் ஊசி.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நர்ஸ் ஹியன் பன்னிரண்டு கேள்வி கேட்டு மார்க் போடுவாள். கேள்விக்கு நாலு, முழு மார்க் நாற்பத்தெட்டு. இந்த நோயில் அது இறங்கத்தான் செய்யும். ரஸுடையது முப்பத்தாறில் நின்று ஒரு வருடமாகிறது. நின்றதே பெரிய காரியம் என்றார் டாக்டர். ரஸுக்குப் போதவில்லை, அவனுக்குப் பாலம் வேண்டும்.

"தட்டுல கறி வெட்டறது?" என்று கேட்டாள் ஹியன்.

"நாலு."

"ரெண்டு," என்றாள் அவன் மனைவி ஜனைன். "ஞாயித்துக்கிழமை ஆட்டுக்கறிய வெட்டினது நான். இவன் சாஸ் பாட்டிலுக்குக் காவல்."

"பொண்டாட்டி கட்சி மாறிட்டா, தாயே."

"நீ ஏத்தி ஏத்திச் சொன்னா, மருந்து வேலை செய்யுதா உன் வாய் வேலை செய்யுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ஜனைன்.

ஹியன் இரண்டு என்று எழுதினாள். "மாடிப்படி? போன தடவை ஒண்ணு. கைப்பிடி இல்லாம முடியல."

ரஸ் தொண்டையைச் செருமினான். "ரெண்டு..."

"மூணு," என்றாள் ஜனைன்.

பேனா நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அவள் விலையை ஏற்றிக் கேட்டு ரஸ் பார்த்ததில்லை.

"வியாழக்கிழமை உன்னக் கூட்டிப்போக வந்து, வண்டியில உக்காந்து சாசேஜ் ரோல் தின்னுக்கிட்டிருந்தேன். யாரும் பாக்கலன்னு நெனச்சு நீ நடைபாலத்துப் படியில ஏறின. பதினொரு படி. ரெண்டு கையும் பாக்கெட்ல. அந்த ரோல் இன்னும் வண்டியிலதான் கெடக்கு."

"திட்டுவியோன்னு சொல்லல."

"இப்பவும் திட்டுவேன். மூணு போடு, ஹியன்."

"கேள்விப்பட்டதுக்கு மார்க் கிடையாது," என்று ஹியன் எழுந்தாள். "வாங்க ரஸ்."

ஆஸ்பத்திரியின் பின்பக்கப் படிக்கட்டு. ரஸ் கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான். ஜனைன் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் பூட்டிக்கொண்டாள், பழக்கத்தில் அவனைப் பிடித்துவிடாமல் இருக்க. ஆறாவது படியில் அவன் நின்று மூச்சு வாங்கினான். பிறகு ஏழு. எட்டு. பதினொன்றைத் தாண்டியும் கால் ஏறிக்கொண்டே போனது. மொத்தம் பதினாலு, சந்தையைவிட மூன்று கூடுதல்.

"நாலு போடு, தாயே," என்றான் உச்சியிலிருந்து.

"மெதுவா ஏறினா மூணுதான்," என்றாள் ஹியன்.

ஜனைன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையைத் தூக்கினாள். "அந்த ஜோடிக்கு நாலாயிரம்."

"விக்கறதா இல்ல. திங்கக்கிழமை பாலத்துல அதுக்கு வேலை இருக்கு."

ஹியன் படியில் உட்கார்ந்து, மிச்சக் கேள்விகளையும் கேட்டு முடித்து, மடியில் தாளை வைத்துக் கூட்டினாள். போன தடவை முப்பத்தாறு. படிக்கட்டில் ஏறியது இரண்டு. மற்றதெல்லாம் நின்ற இடத்திலேயே. ஆக முப்பத்தெட்டு, நோய் இன்னும் தர வேண்டிய பாக்கி, பத்து.