முதுகுவலியை மொழிபெயர்க்காதவள்

1

“எலும்பு அடர்த்தி ஸ்கேன் எழுதிக் குடுங்க. வாங்காம போகமாட்டேன்.”

டாக்டரிடம் எதையும் கேட்டு வாங்கக் கூடாது, அவராகத் தருவதுதான் நமக்கு என்று சொல்லித்தான் வடிவு மகளை வளர்த்தாள். மகள் உதயா, குடும்பத்தின் முதல் பட்டதாரி, கேட்டுவிட்டாள். (இந்தியில் கேட்டாள். தமிழில் எழுதும்போது மரியாதை தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது.)

ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை ஒரு தும்மலில் பிறந்தது. தலைநகரத்துத் துவாரகாவில் பூச்சுவேலை பார்த்துக்கொண்டிருந்த கொத்தனார் தட்சிணாமூர்த்தி, உதயாவின் அப்பா, சிமெண்ட் தூசியில் தும்மினார். விலா எலும்பு முறிந்தது. தும்மலில்! நாலு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன், இன்னும் நம்ப முடியவில்லை.

2

அவருடைய புராஸ்டேட் புற்றுநோய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி, இரண்டு வருடமாக. புற்று அடங்கியது. அதே ஊசி எலும்பைக் கரைக்கும் என்று யாரும்

(இந்த வாக்கியத்தைக் கைவிடுகிறேன். டாக்டரை வில்லனாக்கி முடித்துவிடப் பார்த்தேன். ஆனால் அவர் ஒவ்வொரு தடவையும் “எங்கேயாவது வலிக்குதா?” என்று கேட்டிருக்கிறார்.)

அப்பாவுக்கு மேஸ்திரியிடம் பேசுமளவு இந்திதான் வரும். அதனால் உதயா இடையில் நிற்பாள்.

“முதுகு இழுக்குது. செங்கல் தூக்குறவனுக்கு இழுக்காதா? அதைப் போய் சொல்லாதம்மா. பின்னாடி எத்தனை பேரு நிக்கறாங்க பாரு.”

அவள் டாக்டரிடம் திரும்பி, “சப் டீக் ஹை”, எல்லாம் சரியாக இருக்கிறது, என்பாள். எட்டு ஊசி, எட்டு தடவை. எட்டாவதுக்கு மறுவாரம்தான் அந்தத் தும்மல்.

3

இங்கே அவளை அழவைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.

“வலியை மறைச்சது நான்தான்” என்றாள் டாக்டரிடம். “ஆனா வலிக்காமலே எலும்பு தேயும்னு உங்களுக்குத் தெரியும். ஊசி ஆரம்பிச்சப்பவே ஸ்கேன் பாத்திருக்கணும்ல?”

“அடுத்த ஊசிக்கு வாங்க, பாக்கலாம்.”

மூன்று மாதம். (வாசகரே, நேற்று நீங்கள் எத்தனை தடவை தும்மினீர்கள்?)

“ஜல்தி வாம்மா.” அப்பா விலாவைப் பிடித்துக்கொண்டு கூச்சப்பட்டார். “பெரிய மனுஷங்ககிட்ட என்ன வாய் இது?”

“இனிமே நீ சொல்றதை அப்படியே சொல்லுவேன்ப்பா. சொல்லாதேன்னு சொன்னா அதையும் சேத்துச் சொல்லுவேன்.”

4

இரண்டு முடிவு வைத்திருக்கிறேன். ஸ்கேனில் முதுகெலும்பு தாங்குகிறது. தாடையைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால் பல்லைச் சோதித்துவிட்டு எலும்புக்கான மருந்தைத் தொடங்குகிறார்கள். அல்லது, முதுகெலும்பு ஏற்கெனவே நொறுங்கி

நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். உதயா நமக்காக நிற்கவில்லை. மேஜைமேல் இருந்த ஃபைலை எடுத்தாள். அப்பாவின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

“எங்கேம்மா?”

“வேற ஆஸ்பத்திரி. ஸ்கேனை அங்க எடுத்துக்கலாம்.”

டாக்டர் கூப்பிட்டார். அவள் ஏற்கெனவே வாசலைத் தாண்டியிருந்தாள்.