விடியற்காலை வகுப்பு

சிவரூபி சைக்கிளோடு வாய்க்காலுக்குள் விழுந்த அன்று அவளை ஒருவரும் இடிக்கவில்லை, நாய் ஏதும் குறுக்கே ஓடவில்லை. மிதித்துக்கொண்டே நித்திரையாகிவிட்டாள், அவ்வளவுதான். வயலுக்குத் தண்ணீர் பார்க்க வந்த ஒருவர் தூக்கி எடுத்தார். இடது மணிக்கட்டு முறிந்திருந்தது.

சாரங்கா ரீச்சருக்கு அந்தச் சேதி நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சாதாரண தரச் சோதினை எழுதும் பிள்ளைகளின் கணிதப் பெறுபேறு குறைந்துபோனதென்று, பாடசாலை தொடங்குமுன் ஒரு விசேட வகுப்பை அதிபர் ஒழுங்கு செய்திருந்தார். அதை எடுப்பவள் சாரங்கா. அதற்காகத்தான் சிவரூபி கண்டாவளையிலிருந்து இருட்டோடு புறப்பட்டு வந்தாள். சாரங்காவும் கனகராயன்குளத்தில் முதல் பஸ் ஏறி, யன்னல் கண்ணாடியில் தலை முட்ட முட்டத் தூங்கிக்கொண்டு வருகிறவள்தான்.

பெற்றோர் கூட்டத்தில் அவள் எழுந்து, இந்த வகுப்பு வேண்டாம், பிள்ளைகள் நித்திரை கொள்ளட்டும் என்றாள். தாய்மார் தன் பக்கம் நிற்பார்கள் என்று நம்பியிருந்தாள். முதலில் மறுத்தது சிவரூபியின் தாய் சுதாஜினி. ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள்.

“நான் விடிய முன்னம் வேலை பஸ் ஏறிப் போயிடுவன் ரீச்சர். பிள்ளை தனிய வீட்டில கிடக்கிறதிலும் பாக்க வகுப்பில இருக்கிறது எனக்கு நிம்மதி. அவள் சோதினை பாஸ் பண்ண வேணும். என்னை மாதிரி மெசினுக்கு முன்னால இருக்கக் கூடாது.”

மற்றவர்களும் தலையாட்டினார்கள். வகுப்பு தொடர்வதென்று முடிவானது. கூட்டம் முடியும்போது சுதாஜினி கதிரையிலேயே வாய் சற்றுத் திறந்தபடி நித்திரையாகியிருந்தாள். கதிரைகளை அடுக்கத் தொடங்கும் வரைக்கும் அவளை எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை.

திங்கட்கிழமை சிவரூபி கையில் கட்டுடன் வகுப்புக்கு வந்துவிட்டாள். சாரங்கா கரும்பலகையிலிருந்து சோக்கட்டியோடு திரும்பிப் பார்த்தாள். வீங்கிய கண்களும் கொட்டாவிகளுமாக வகுப்பு முழுக்க அதே முகங்கள். சோக்கட்டியை மேசையில் வைத்தாள்.

“எல்லாரும் தலையை மேசையில வைச்சுப் படுங்கோ. மணி அடிக்கேக்க எழுப்பிவிடுறன்.”

“உண்மையாவோ ரீச்சர்?” என்று சிவரூபி கேட்டாள்.

“ஓம். படு பிள்ளை.”

கொஞ்ச நேரத்தில் வகுப்பில் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. சாரங்கா வாசலோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கும் இமைகள் அழுந்தின. ஆனால் யாராவது ஒருவர் விழித்திருக்கத்தானே வேண்டும்.

அடுத்தடுத்த நாட்களும் அப்படியே போயின. மணி அடித்த பிறகு வந்த பகல் பாடங்களில் இரண்டு மூன்று பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். மற்றவர்கள் முன்போலவே இருந்தார்கள்.

ஒரு காலை அதிபர் வந்து வாசலில் நின்றார். மேசைகளில் கவிழ்ந்து கிடந்த தலைகளை நெடுநேரம் பார்த்துவிட்டு, அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். பொய் சொல்லவும் தெம்பில்லாமல் அவள் நடந்ததை அப்படியே சொன்னாள்.

“நித்திரை கொள்ளத்தான் எண்டால் வீட்டில கொள்ளட்டும்” என்று கத்தினார். அன்றோடு வகுப்பு நின்றது. புது வருடத்தில் சாதாரண தர வகுப்பை அவளிடமிருந்து எடுத்து, ஆறாம் ஆண்டைக் கொடுத்தார். அவளுக்கு அது வலித்தது. ஆனாலும் போய்க் கேட்கவில்லை.

அதற்கு முன்னமே, வகுப்பு நின்ற சில நாட்களில், சுதாஜினி பாடசாலை வாசலுக்கு வந்திருந்தாள். தான் வெளிக்கிட்ட பிறகு மகள் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பவும் படுக்கிறாளாம். பக்கத்து வீட்டு அக்கா எழுப்பிவிடுகிறாளாம்.

“பயந்து பயந்துதான் போறன் ரீச்சர்” என்றாள். பிறகு, வேறெங்கோ பார்த்தபடி, “முகம் கொஞ்சம் தெளிஞ்சிருக்கு” என்றாள்.

சாரங்காவும் இப்போது பிந்திய பஸ்ஸில் வருகிறாள். என்றாலும் பழைய நேரத்துக்கே முழிப்பு வந்துவிடுகிறது. எழும்ப வேண்டிய தேவை இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, முகட்டைப் பார்த்தபடி கிடக்கிறாள்.