முப்பத்தெட்டு சதவீதம்

பேராசிரியர் ஸ்டாமெனோவ் லேபுக்குள் வந்ததும் குடுவைகளைப் பார்க்கவில்லை, எங்கள் முகங்களைத்தான் பார்த்தார். எல்லார் குடுவையிலும் மெக்னீசியச் சுருள்கள் ஈதருக்கு அடியில் அசையாமல் கிடந்தன. வினை தொடங்கியிருந்தால் நாங்கள் போட்ட அயோடினின் பழுப்பு மறைந்து, திரவம் கலங்கி, அடுப்பே இல்லாமல் ஈதர் தானாகக் கொதித்திருக்கும். ஒன்றிலும் ஒரு குமிழி இல்லை. மிலேனா தன் குடுவையை இரண்டு கைகளாலும் பொத்தி, அடைகாக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"கை ஈரமா இருக்கு, மூளை காஞ்சு கெடக்கு," என்றார். "மாறி இருந்திருந்தா இந்நேரம் வேல முடிஞ்சிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்புதான் தாங்காது. இதே வார்த்தையை இதே இடத்தில் நின்று அவர் சொல்வார் என்று மூன்றாம் ஆண்டுக்காரர்கள் முன்பே சொல்லிவிட்டார்கள். வகுப்பிலும் அப்படித்தான். ஓரம் பழுத்த தாள்களை வைத்துக்கொண்டு கரிம வேதியியலை வாசிப்பார், நடத்த மாட்டார். எந்தப் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார் என்பதுகூட சீனியர்களின் நோட்டில் குறித்திருந்தது.

"சார், ஈதர்ல தண்ணி இருக்கு," என்றேன்.

"யாரு சொன்னா?"

"துளி ஈரம் இருந்தாலும் இது தொடங்காதுன்னு போன வாரம் நீங்கதான் வாசிச்சீங்க."

'வாசிச்சீங்க' என்ற சொல் அவருக்கு உறைத்தது. "அது நா காய வெச்ச ஈதர், ருமியானா. நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து நா ஈதர் காய வெக்கிறேன்."

அந்தப் பாட்டிலும் அப்போதிருந்தே திறந்துதான் கிடக்கிறது என்று சொல்ல வந்தேன். யாவோர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் எல்லாரும் பென்சாயிக் அமிலம் தயாரித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு ஸ்டாமெனோவ் போய்விட்டார். இந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் கோடைக்காலத்துக்கு தலைநகர் சோபியாவிலுள்ள ஆய்வுக்கூடத்துக்கு ஒருவரை அனுப்புவார்கள். கேட்டிருந்தவர்கள் யாவோரும் நானும் மட்டுமே.

அந்த வாரம் முழுக்க வகுப்பு முடிந்த பிறகு நான் லேபிலேயே கிடந்தேன். ஈதரைக் கால்சியம் குளோரைடு போட்டு வைத்தேன், வடிகட்டினேன், சோடியத்தைச் சீவிப் போட்டு, குமிழி அடங்கும்வரை காத்திருந்து காய்ச்சி எடுத்தேன். தலை வலித்தது. தலைமுடியிலும் ஸ்வெட்டரிலும் ஈதர் வாடை. டிராமில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து வேறு இடத்துக்குப் போனாள். யாவோர் ஒருநாள் பாலாடைக்கட்டி வைத்த பனீட்சா இரண்டு வாங்கிக்கொண்டு வந்து, ஜன்னல் திட்டில் உட்கார்ந்து நான் சோடியம் சீவுவதைப் பார்த்தான்.

"எதுக்குடி இவ்ளோ கஷ்டம்? ஸ்டோர் ரூம்ல பென்சாயிக் அமிலம் ஒரு ஜாடி நெறைய இருக்கு. எல்லாரும் அதுலதான் எடுக்கப் போறோம்."

"எடுங்க."

"அவரு உருகுநிலைகூடப் பாக்க மாட்டாரு. அந்த மெஷினுக்குப் போட்ட உறைய யாராவது கழட்டி நீ பாத்திருக்கியா?"

"இது ஆரம்பிக்கறத நா பாக்கணும்."

அவன் வாயிலிருந்ததை மென்று விழுங்கினான். "பொய். நீ எங்கள ஒரு பார்வ பாக்கணும். அதுக்குத்தான் இத்தன பாடு."

அவன் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியை அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு விருப்பமில்லை. அவன் ஒருவனைத்தான் அந்த வகுப்பில் மனிதன் என்று நினைத்திருந்தேன். பனீட்சாவைத் தொடாமல் வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை என் குடுவை தொடங்கியது. முதலில் பழுப்பு வெளிறியது. மெக்னீசியத்தின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ புகைந்த மாதிரி இருந்தது. பிறகு யாரும் சூடேற்றாமலே ஈதர் கொதித்து, கண்ணாடிக் குழாயில் ஏறி, குளிர்ந்து, சொட்டுச் சொட்டாக விழுந்தது. கையை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுவென்றிருந்தது. இதைக் காட்டுவதற்கு அந்த அறையில் ஒரு ஆள் இல்லை. எனக்குப் பின்னால் அவர்கள் எடைத் தராசைச் சுற்றி நின்று, கிடைக்க வேண்டியதில் எத்தனை சதவீதம் கிடைத்ததாக எழுதுவது என்று விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நீ எவ்ளோ போடுற?"

"எழுபத்தெட்டு சதவீதம்."

"அப்ப நா எழுபத்தொண்ணு. யாவோர், நீ எண்பத்தஞ்சு போட்டுக்கோ, சோபியா போறவன்."

குடுவையிலிருந்ததை உலர்பனியின் மேல் கொட்டி, அமிலம் சேர்த்து, வடிகட்டி, வெந்நீரில் கரைத்து மறுபடி படிய வைத்தேன். கடைசியில் கிடைத்தது ஒன்றரை கிராம். மெல்லிய, பளபளக்கும் தகடுகள். முப்பத்தெட்டு சதவீதம் என்று சீசாவில் எழுதி, வரிசையின் கடைசியில் வைத்தேன்.

ஸ்டாமெனோவ் சீசாக்களைத் திறக்கவே இல்லை. எண்ணைப் பார்த்தார், மதிப்பெண் போட்டார். யாவோருக்கு ஆறு, அதுதான் உச்சம். மிலேனாவுக்கு ஐந்தரை. என் சீசாவைக் கையில் எடுத்துச் சிரித்தார்.

"முப்பத்தெட்டா? ஈதர்ல தண்ணி இருக்குன்ன ஆளு நீதான? மூணு."

மூன்று என்றால் தேறியாயிற்று, அவ்வளவுதான். யாவோர் என் பக்கம் திரும்பவில்லை. தன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தான், போட்டு முடித்ததையும் கழற்றிப் போட்டான்.

எல்லோரும் போன பிறகு யாவோர் எடை போட்ட தராசுத் தட்டில் ஒட்டியிருந்த பொடியைச் சுரண்டி எடுத்தேன். அது மங்கலாக, மாவு மாதிரி இருந்தது. ஏதோ உறுத்தியது. எரிசாராயத்தில் கரைத்து ஃபெரிக் குளோரைடு ஒரு சொட்டு விட்டேன். கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. பென்சாயிக் அமிலம் அந்த நிறம் தராது. அது சாலிசிலிக் அமிலம். ஜாடியின் பெயர்ச்சீட்டு தவறு. ஆக, திருடத் தெரிந்தவர்களுக்குத் திருடிய பொருள் எது என்று பார்க்கத் தெரியவில்லை. நான் தனியாக நின்று சிரித்தேன். அப்படி ஒரு கேவலமான சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

சோதனைக் குழாயை எடுத்துக்கொண்டு ஸ்டாமெனோவின் அறைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. மேசையில் ஸ்டோர் ரூமின் அந்தப் பெரிய ஜாடி. அவர் எங்கள் சீசாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து, விரலால் தட்டி, ஜாடிக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நிற்கும்போதுதான் கடைசிச் சீசாவும் கவிழ்ந்தது. அது என்னுடையது.

குழாயை அவர் முன்னால் நீட்டினேன்.

"சாலிசிலிக்," என்றார் உடனே. ஆச்சரியமே இல்லை. "யாரோ எப்பவோ சீட்ட மாத்தி ஒட்டிட்டாங்க. அதுக்கென்ன இப்ப?"

"தெரிஞ்சேதான் ஆறு போட்டீங்களா?"

"எல்லாருக்கும் ரெண்டு போட்டா அடுத்த வருஷம் இந்தப் பிரிவுக்கு யாரு வருவா? நீ ஒருத்தி உக்காந்திருப்ப, நா ஒனக்கு வாசிச்சுக் காட்டணும்." அந்தச் சொல்லை அவர் மறக்கவில்லை. "உண்மையாப் பண்ணிட்டன்னு ஒனக்கு எங்க எல்லார் மேலயும் எளக்காரம். இருக்கட்டும். எனக்கும் ஒருகாலத்துல இருந்துச்சு."

"நா உங்கள மாதிரி ஆக மாட்டேன்."

"நல்லது." என் கோபம் அவரைத் தொடவில்லை. "கைய நீட்டு, இதப் பிடி. மூடி இறுகலா இருக்கும், அழுத்தித் திருகணும்."

அப்போது தொலைபேசி அடித்தது. ஜாடியை என் கையில் கொடுத்துவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தார். சோபியாவிலிருந்துதான். "நல்ல பையன், கை சுத்தம், எண்பத்தஞ்சு எடுத்திருக்கான்," என்றார்.

ஜாடி கனமாக இருந்தது. உள்ளே மங்கிய வெள்ளைப் பொடி. அதன் மேல் ஒரு பக்கமாக என் தகடுகள், மீன் செதில்கள் மாதிரி, இன்னும் கலக்காமல் மின்னிக்கொண்டிருந்தன. மேசையிலிருந்த கரண்டியையும் ஒரு துண்டுத் தாளையும் எடுத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு மேலாக வழித்தேன். கொஞ்சம் வந்தது. மறுபடி கரண்டியை வைத்தபோது அந்த இடத்தில் பொடி சரிந்து குழிந்தது. தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சறுக்கி உள்ளே இறங்கத் தொடங்கின.