கண்டக்டர் வெடி

ஆமத்தூர் நிறுத்தத்தில் காலை ஏழே கால் பேருந்து வந்து நின்றபோது முதலில் சிரித்தவர் பால்காரர். பிறகு டீக்கடை பெஞ்சு முழுவதும் சிரித்தது. படியிலிருந்து இறங்கிய கண்டக்டர் சவரியப்பன் அன்றுதான் புதுச் சீருடையில் வந்திருந்தார். முப்பது வருஷக் காக்கி போய், மாம்பழ மஞ்சளில் சட்டை, கத்தரிப்பூ நிறத்தில் பேன்ட், காலரைச் சுற்றி அதே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பட்டி.

"என்ன அண்ணாச்சி, எந்தக் கோயில் கொடைக்கு வாசிக்கப் போறீக?"

"பேண்டு செட்டுன்னா கொட்டு எங்க? வாயில விசில் மட்டுந்தான இருக்கு."

"ஏலே, சும்மா இருங்கலே. மனுசன் ரெண்டாங் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போறாரு."

சவரியப்பனும் சேர்ந்து சிரித்தார். "ஏறுங்கலே, மாப்பிள வீட்டு வண்டிதான். சாப்பாடு சிவகாசியில" என்றார்.

பாண்டிலட்சுமி சிரிக்கவில்லை. அவள் எதற்கும் சத்தமாகச் சிரிக்கிறவள் இல்லை. இயற்பியல் படித்துவிட்டு, படித்ததற்குச் சம்பந்தமில்லாமல், திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் படம் வரைகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக அதே வண்டி. வரப்பு வழியாக அவள் ஓடி வருவது தெரிந்தால் சவரியப்பன் விசில் கொடுக்காமல் நிற்பார். அதற்கு ஒரு நன்றிகூட அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றும் தலையைக் குனிந்தபடி ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டாள். அவள் சிரிக்காததை அவர் கவனித்தார். அதை நல்ல மனசு என்று எடுத்துக்கொண்டார். அது கூச்சம் மட்டும்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த வாரம் முழுக்க வண்டியில் வேறு பேச்சே இல்லை. கல்லூரிப் பிள்ளைகள் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். யாரோ அவர் படத்தையும் ஒரு குச்சி ஐஸ் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து போனில் எல்லோருக்கும் அனுப்பினார்கள். பெரியவர் ஒருவர் அவர் கேட்டும் காசு கொடுக்க மறுத்தார். "கண்டக்டர் வரட்டும், கொடுக்கேன்" என்றார். ஓட்டுநர், புதுசு தனக்கு அளவு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் காக்கியிலேயே வந்துகொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் சவரியப்பன் ஒரு பதில் வைத்திருந்தார், சிரித்தார், டிக்கெட் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி காலி. பட்டாசு சீசன் என்பதால் அச்சகத்துக்கு விடுமுறை கிடையாது. ஆமத்தூரில் ஏறியது பாண்டிலட்சுமி ஒருத்திதான். சவரியப்பன் அவளுக்கு எதிர்ப்பக்க இருக்கையில் வந்து உட்கார்ந்தார். 

"யார்ட்டயும் சொல்லீராத தாயி. எனக்கு இந்தச் சட்ட பிடிச்சிருக்கு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நெசமாத்தான். காக்கியில நாங்க எல்லாப் பேரும் ஒரே மாரி இருப்போம். இத மொத நாளு போட்டுட்டு வீட்ல எப்படி நின்னேன்னு பாரு."

எழுந்தார். கம்பியை விட்டுவிட்டு, காலர் பட்டியை இரண்டு விரலால் பிடித்து லேசாகத் தூக்கினார். மோவாய் உயர்ந்தது. வயிறு உள்ளே போக முயன்று பாதியில் நின்றது. ஐம்பத்தாறு வயது மனிதர் அந்த ஒரு கணம் ஆண்டுவிழாவில் பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி இருந்தார். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சட்டென்று கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே சிரித்தார்.

"நல்லா இருக்கு சார்" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள்.

அடுத்த புதன்கிழமை அச்சகத்துக்கு ஒரு பட்டாசுக் கம்பெனி ஆர்டர் வந்தது. ஒற்றை வெடியைச் சுற்றி ஒட்டுகிற சின்னப் படம். கிளியும் புலியும் பார்த்துச் சலித்துவிட்டது, சிரிக்கிற மாதிரி ஏதாவது போடுங்கள் என்றார்களாம். பக்கத்து மேஜையில் படம் வரைகிற முனியராஜ், கண்ணாடி போட்ட ஒரு குரங்கை வரைந்தான். பாண்டிலட்சுமியின் கை மஞ்சளை எடுத்தது. யோசித்துச் செய்யவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே பல தடவை சொல்லிக்கொண்டாள். அரை மணி நேரத்தில் திரையில் மஞ்சள் சட்டை, வாயில் விசில், தள்ளிய வயிறு, காலரைத் தூக்கும் இரண்டு விரல், மேலே போன மோவாய். 'கண்டக்டர் வெடி' என்று தலைக்கு மேல் வளைத்து எழுதினாள்.

எட்டிப் பார்த்த முனியராஜ் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "அண்ணாச்சி, இங்கன வாங்க! நம்ம ஊமப் பிள்ளைக்கு இம்புட்டுக் குசும்பு!"

முதலாளி வந்தார். அச்சு ஓட்டுகிறவர்கள் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார்கள். பைண்டிங் பெண்கள் வந்தார்கள். இரண்டு வருஷமாக அந்த அறையில் அவள் ஒருத்தி இருப்பதே தெரியாமல் நடந்தவர்கள், அவள் நாற்காலியைச் சுற்றி நின்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சத்தமாக.

கம்பெனிக்காரர்கள் உடனே ஒத்துக்கொண்டார்கள். மஞ்சளை மட்டும் இன்னும் அடர்த்தியாக்கச் சொல்லி மாதிரி திரும்பி வந்தது. அன்று ஒரு மணி நேரம் படம் அவள் முன்னால் திறந்திருந்தது. அந்தக் கையைக் கீழே இறக்கிவிட்டால் போதும், அது யாரோ ஒரு கண்டக்டர் ஆகிவிடும். இறக்கிப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. வெறும் தொந்திக்காரர் ஒருவர் நின்றார். கையைப் பழையபடி காலருக்கே கொண்டுபோனாள், மஞ்சளைக் கூட்டினாள், அனுப்பிவிட்டாள். யோசிக்காமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் இந்த ஒரு மணி நேரம் குறுக்கே வந்து நின்றது.

ஆடி பிறந்து இரண்டாவது வாரம். ஆமத்தூரிலிருந்து வெடிக் கம்பெனிக்குப் போகிற சோலையம்மாள், வண்டி கிளம்பியதும் பர்ஸிலிருந்து அந்தப் படத்தை எடுத்து ஆட்டினாள்.

"கண்டக்டரய்யா, நேத்து ஒங்கள எத்தன தடவ ஒட்டுனேன் தெரியுமா? ஆயிரத்தி இருநூறு! ராத்திரி கனவுலயும் நீங்கதான் வாரீக. எங்க வீட்டுக்காரரு சந்தேகப்படுதாரு."

வண்டி குலுங்கிச் சிரித்தது. படம் கை மாறிக் கை மாறிப் போனது.

"அச்சு அசலா அண்ணாச்சியேதான்!"

"தீவாளிக்கு ஒம்ம திரியில தீ வைக்காம விட மாட்டோம் பாத்துக்கிடும்!"

கடைசியில் அது சவரியப்பன் கைக்கு வந்தது. முதலில் அவரும் சிரித்தார். பிறகு படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். சிரிப்பு முகத்தில் அப்படியே இருக்க, கண் மட்டும் அதை விட்டு நகர்ந்து ஜன்னல் ஓர இருக்கைக்கு வந்தது. வந்த வேகத்தில் திரும்பிவிட்டது. படத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "டிக்கெட், டிக்கெட்" என்று முன்னால் போனார். பாண்டிலட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காலரைப் பிடித்து அவர் அப்படி நின்றதை அந்த வண்டியில் பார்த்த ஆள் ஒன்றே ஒன்றுதான்.

மறுநாள் வேண்டுமென்றே தாமதமாகக் கிளம்பினாள். வண்டி போயிருக்கும் என்று நினைத்தாள். அது நின்றுகொண்டிருந்தது. அவர் படியில் நின்று வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். முகத்தைத் திருப்பியிருக்கலாம். அவள் ஏறியதும் விசில் கொடுத்தார், அவ்வளவுதான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இப்போது யாராவது "வெடி!" என்று கத்தினார்கள். அவர் கையைத் தூக்கிக் காட்டினார். மஞ்சள் சட்டையில் அயர்ன் மடிப்பு இல்லாமல் போனதை அவள் ஒருத்திதான் கவனித்திருப்பாள்.

அந்த மாதக் கடைசியில் கம்பெனி இன்னொரு மடங்கு கேட்டது. முதலாளி எல்லோருக்கும் அல்வா வாங்கி வந்தார். அவள் தன் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"படத்த மாத்திரலாமா அண்ணாச்சி? கைய மட்டுமாச்சும்."

"கிறுக்காம்மா ஒனக்கு? ஓடுற சரக்க எவனாச்சும் மாத்துவானா? ஒன் கையி ராசியான கையி. அல்வாவத் தின்னு."

இரண்டு நாளில் அச்சடித்து, வெட்டி, கட்டி, லோடு போய்விட்டது.

மறுநாள் திருத்தங்கல் வருவதற்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே அவள் எழுந்து படியருகே போனாள். சவரியப்பன் கம்பியில் சாய்ந்து நின்றிருந்தார். முந்தின இரவு முழுக்கச் சேர்த்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை.

"சார்... அந்தப் படம்..."

"தெரியும் தாயி" என்றார் வெளியே பார்த்தபடி. "அன்னைக்கு வண்டியில வேற யாரு இருந்தா?"

வண்டி ஒரு லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கியது.

"நல்லாத்தான் வரைஞ்சிருக்க. எங்க வீட்ல இன்னும் பாக்கல. சட்ட வந்த அன்னைக்கு அவதான் என்னைய அப்படி நிக்கச் சொன்னா. காலரப் பிடிச்சு நில்லுங்கன்னா. பாத்தான்னா, அவ சொன்னதச் செஞ்சுதான் இப்படி ஆச்சுன்னு நெனப்பா." சில்லறைப் பையை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார். "மூணு வாரமா கடைத்தெருப் பக்கம் கூட்டிட்டுப் போகாம சமாளிக்கேன். தீவாளிக்குத் தெருத் தெருவா அதுதான வெடிக்கும். கிறிஸ்மஸுக்கு எங்க கோயில் வாசல்லயும் வெடிக்கும். எம்புட்டு நாளைக்கு மறைக்க?"

யோசனை கேட்கிறவர் மாதிரி அவள் பக்கம் திரும்பினார். அவளிடம் இருந்தது ஒன்றுதான்.

"ரெண்டாவது லோடும் போயிருச்சு சார். நேத்து."

அவர் தலையை ஆட்டினார். 

திருத்தங்கலில் வண்டி நின்றது. அவள் இறங்கினாள். டீக்கடையில் நின்ற நாலைந்து பேர் டம்ளரை வைத்துவிட்டு வந்தார்கள். ஒருவன் போனை நீட்டிப் பிடித்தான்.

"வெடி அண்ணாச்சி! அந்தப் படத்துல நிக்க மாரி ஒருக்க நில்லுங்க."

"காலரப் பிடிங்க அண்ணாச்சி, காலர!"

வண்டிக்குள்ளிருந்தும் குரல் வந்தது. "நில்லுங்க, சும்மா கூச்சப்படாதீக!"

சவரியப்பன் படியில் நின்றார். அந்தச் சிரிப்பு முகத்துக்கு வந்துவிட்டது. வலது கை கம்பியை விட்டது.

"ஏ பிள்ள, மறைக்காத. தள்ளு."

பாண்டிலட்சுமி கீழே, படிக்கு நேராக நின்றுகொண்டிருந்தாள். நாலைந்து ஆண்கள் அவளைப் பார்த்துக் கத்துவது அவள் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.  ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

"ஒன்னத்தான். காது கேக்கலையா? தள்ளு!"

அவள் திரும்பவில்லை. நகரவும் இல்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், கண்ணுக்கு நேரே இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் சட்டையில் இரண்டாவது பொத்தானை அவர் வீட்டில் வெள்ளை நூலால் தைத்திருந்தார்கள், நுணுக்கமாக, நெருக்கமான தையலில்.